படம் எடுப்பதைத் தவிர விண்கலங்கள் என்ன செய்கின்றன?

பூமியிலேயே பெரிய தொலைநோக்கிகள் இருக்கும்போது சூரியனுக்கும் கோள்களுக்கும் விண்கலம் எதற்கு என்று சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். செம்பனைத் தோட்டங்களின் மேல் மாலையில் மேகம் திரளும் நம் ஊரில், மேகம்தான் தடை என்று தோன்றும். ஆனால் தெளிந்த வானமும்கூடச் சூரியனின் அதிதீவிரப் புற ஊதாக் கதிர்களைத் தரைக்கு விடுவதில்லை. பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் வெப்பமுள்ள சூரிய ஒளிவட்டத்தை (சூரியனின் வெளி வளிமண்டலத்தை) ஆராய அக்கதிர்கள் இன்றியமையாதவை. 1995இல் சூரியனை ஆராயும் சோஹோ விண்கலம் விண்வெளிக்கு அனுப்பப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அது இருப்பது பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில். அங்கே இரவும் குறுக்கிடாது.

எனக்குப் படங்களைவிட வியப்பளிப்பது, 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தின் ரேடியோ அலைதான். கோளின் உள்ளே நிறை பரவியிருக்கும் விதத்திற்கேற்ப ஈர்ப்பு சற்றே கூடிக் குறைய, கலத்தின் வேகமும் அதனால் பூமிக்கு வரும் அலையின் அதிர்வெண்ணும் மிக நுட்பமாக மாறுகின்றன. இந்த மாற்றத்தை அளந்தே, வியாழனின் கரு கெட்டியான உருண்டையாக இல்லாமல் ஹைட்ரஜனோடு கலந்து பரவியிருப்பதாக அறிவியலாளர்கள் கணித்தார்கள். எந்தக் கேமராவுக்கும் எட்டாத ஆழம் அது!

பார்க்கர் கலமோ, 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. சூரியக் காற்றின் துகள்களையும் காந்தப்புலத்தையும் அவை இருக்கும் இடத்திலேயே அளப்பதற்கான கருவிகள் அதில் உள்ளன.