காலைக் காப்பாற்றியும் ஏன் இந்தக் கோபம்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். காலை எடுக்காமல், கட்டி இருந்த எலும்பை மட்டும் நீக்கி உலோக மூட்டு வைத்தார்கள். கீமோவும் முடிந்துவிட்டது. ‘ரிசல்ட் பிரமாதம்’ என்கிறார் டாக்டர். இவனோ, ‘பேசாமல் காலையே எடுத்திருக்கலாம்’ என்று எரிந்து விழுகிறான். உயிரும் பிழைத்து, காலும் தப்பிய பிறகு இப்படிப் பேசலாமா?

பதில்: பேசலாம் அம்மா. ஆபரேஷன் செய்த என்னிடமே சிலர் பேசியிருக்கிறார்கள்.

உங்கள் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை. இப்படி ஆபரேஷன் செய்த கால் எப்படி இருக்கிறது என்று அளக்க, 1993-இல் வந்த ஒரு மதிப்பெண் முறை எங்களிடம் உண்டு. வலி, செயல்பாடு, மனம் ஏற்றுக்கொண்டதா, ஊன்றுகோல் வேண்டுமா, எவ்வளவு தூரம் நடக்கிறார், நடை எப்படி என்று ஆறு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 30. மார்க் போடுவது டாக்டர். நோயாளியின் மனம் ஏற்றுக்கொண்டதா என்பதற்கும் நாங்களேதான் மார்க் போடுகிறோம், கூத்தைப் பாருங்கள்! 1996-இல் வந்த டொராண்டோ படிவம் அப்படியில்லை. சாக்ஸ் மாட்டுவது, மண்டியிடுவது எல்லாம் எவ்வளவு சிரமம் என்று நோயாளியே எழுதித் தர வேண்டும். என் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவர்கள் இதில் சறுக்குவதுண்டு.

காலை எடுத்தவர்களையும் காப்பாற்றிக்கொண்டவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், வாழ்க்கைத் தரத்தில் நாம் நினைக்கும் அளவு வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக உங்கள் முடிவு தவறென்று சொல்லவில்லை. மற்றவர் கண்ணுக்கு முழுசாகத் தெரியும் கால். அவனுக்கோ ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. உலோகம் தேயும், தளரும், கிருமி தொற்றலாம். இந்த வயதில் வைத்த மூட்டுக்குப் பிற்காலத்தில் மறு ஆபரேஷன் தேவைப்பட நிறைய வாய்ப்புண்டு. இதையெல்லாம் முன்பே அவனிடம் நேராகச் சொன்னார்களா? ‘பழையபடி ஆகிவிடும்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அடுத்த செக்கப்பில் நீங்கள் வெளியே உட்காருங்கள். அவன் தனியாகப் பேசட்டும். எது கூடாது என்பதோடு, நீச்சல், சைக்கிள் போல எதெல்லாம் செய்யலாம் என்றும் கேட்டு வரட்டும். தொடைத் தசைப் பயிற்சியை விடக் கூடாது. மனசு ரொம்பச் சோர்ந்திருந்தால் கவுன்சலிங்கும் சிகிச்சைதான், தயங்காதீர்கள். ‘உயிர் பிழைத்ததே பெரிசு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: ஆபரேஷன் செய்த இடம் சிவந்தாலோ, சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே சர்ஜனைக் கூப்பிடுங்கள்.