டீச்சரிடம் கேளுங்கள்: மழை நாளும் மாத்திரை டப்பாவும்

இந்த மாதம் மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாறசாலையிலிருந்து ஒன்று. கடவுளை நம்புகிறவர் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பாதிப்பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

டீச்சர், அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். “சுகம் தந்தாச்சு, இனிமேல் மாத்திரை போட்டால் அது அவிசுவாசம்” என்று அங்கே யாரோ சொன்னார்களாம். நான் பேசினால் “உனக்கு விசுவாசம் இல்லை” என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, பாறசாலை)

முதல் வேலை, நாளைக் காலையிலேயே வெறும் வயிற்றில் ரத்தம் பரிசோதிக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். சுகம் கிடைத்திருந்தால் அது ரிப்போர்ட்டில் தெரியத்தானே வேண்டும்? இயேசு குஷ்டரோகியைச் சுகப்படுத்திவிட்டு, “நீ போய் ஆசாரியனிடம் காட்டு” என்றுதான் அனுப்பினார். அந்தக் காலத்தில் அதைப் பார்த்து உறுதி சொல்ல வேண்டியவர் ஆசாரியர். இந்தக் காலத்தில் டாக்டர். இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். வசனத்தோடு போனால் கேட்பார்கள்.

அப்புறம் ஏசாயா 38ஆம் அதிகாரத்தை அம்மாவையே வாசிக்கச் சொல்லுங்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார், அழுது ஜெபிக்கிறார். 15 வருடம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகும் ஏசாயா என்ன சொல்கிறார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடுங்கள் என்கிறார். வாக்குக் கிடைத்துவிட்டதே, மருந்து எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. நெய்யூரில் மிஷன் வைத்தியம் தொடங்கியது 1838இல். ஊழியம் செய்ய வந்தவர்கள் வேதப்புத்தகத்தோடு மருந்துப் பெட்டியையும் கொண்டுவந்தார்கள். சாமர்வெல் டாக்டர் 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர். அது முடிந்து ஊர் திரும்பும் முன் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்கக்கூடிய பெரிய உத்தியோகத்தை வேண்டாமென்று இங்கேயே வந்து சேர்ந்தார். விசுவாசம் இல்லாதவர் செய்கிற காரியமா அது?

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து. காலில் ஒரு சின்னப் புண் வரும், ஆறாது. கண்ணில் மங்கல் வரும். நிறுத்தச் சொன்னவர் அப்போது அடுத்த ஊர்க் கூட்டத்தில் இருப்பார். அம்மாவிடம் வாதாட வேண்டாம். மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்து, “அம்மா, ஜெபம் பண்ணிட்டுப் போடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள்.

டீச்சர், நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மரம் வேறொருத்தருடையது. ஜூனில் மழை, ஐப்பசியில் மறுபடி மழை. வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை “கவலைப்படாதிருங்கள்” என்று பிரசங்கம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இது பாவமா?
(வாசகர், அருமனை)

பாவமில்லை. பிரசங்கம் செய்கிறவருக்கு மாதச் சம்பளம், உங்களுக்கு அன்றன்றைக் கூலி. (போதகர்கள் யாராவது இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம். மழைக்காலத்தில் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.)

ஆனால் அந்த வசனத்தை முதலில் கேட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். கலிலேயாவில் கூலிக்குப் போகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள். திராட்சத்தோட்டத்து உவமையில் சாயங்காலம் வரைக்கும் சந்தையில் நிற்கிறவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள். வேலை இல்லாத நாள் எப்படியிருக்கும் என்பது இயேசுவுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் அவர் “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று முடித்தார். பாடே இருக்காது என்று சொல்லவில்லை. இன்றைக்கு மழை, இன்றைக்குக் கூலி இல்லை, அது இன்றைய பாடு. புதன்கிழமைத் தவணையையும் அடுத்த வருடப் பள்ளிக்கூட ஃபீஸையும் சேர்த்து இன்று ராத்திரியே சுமக்க வேண்டாம் என்கிறார். அவ்வளவுதான்.

இந்த வசனத்தை, ‘சேமிக்காதே’ என்று சிலர் திருப்பிவிடுவார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னாவைக் காட்டுவார்கள், மறுநாளைக்கு வைத்தது பூச்சி பிடித்தது என்பார்கள். அதே யாத்திராகமம் 16ஐ இன்னும் கொஞ்சம் கீழே படித்தால், ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து வைக்கக் கர்த்தரே சொல்கிறார். அது நாறவில்லை, பூச்சி பிடிக்கவில்லை. மறுநாள் கிடைக்காது என்று தெரிந்தால் முந்தின நாள் எடுத்து வைக்கத்தான் வேண்டும். உங்களுக்கு ஆறாம் நாள் என்பது கார்த்திகை, மார்கழி. பால் நன்றாகக் கிடைக்கிற மாதங்கள். அதற்குப் பிறகு மரம் இலை கொட்டும், வெட்டு நிற்கும் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதத்தில் கொஞ்சமாவது போஸ்ட் ஆபீஸில் போடுங்கள்.

வேறு இரண்டு விஷயம். மழைக்கு முன்னாலேயே முதலாளியிடம் போய், மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2011இல் ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனபோது எல்லோரும் கட்டினார்கள். 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே வந்ததும், செலவு கட்டாது என்று பலர் விட்டுவிட்டார்கள். விலை இப்போது அந்த அளவுக்குக் கீழே இல்லை. மரம் நனையாமல் இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் லாபம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இரண்டாவது, தேன். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். பூவில் அல்ல, இலையில். பால் கிடைக்காத மாசி மாதத்தில் அதே மரம் தேனீக்குச் சாப்பாடு போடுகிறது. மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் விற்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த ரப்பர் தேன்தான். கூலிக்காரர்களும் சின்ன விவசாயிகளும் தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கட்டும் என்று மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920களிலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. வானத்திலிருந்து ஏதாவது விழும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, ஜெபத்தையும் விடவில்லை. முதலாளி சம்மதித்தால் இரண்டு பெட்டியோடு ஆரம்பியுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஒரு குழுத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்குவது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கோபத்தை என்ன செய்வது என்றும் கேட்கலாம். ஜெபத்தில் அப்படியே சொல்லுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று சங்கீதக்காரனே கேட்டிருக்கிறான். அது பதின்மூன்றாம் சங்கீதம், சின்னதுதான்.

வருடப்பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” வளைகுடாவில் வேலை உறுதி என்று எடுத்துக்கொண்டேன். விசா இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. அட்டையை நம்பலாமா?
(வாசகர், குலசேகரம்)

தம்பி, அட்டை எழுதியவர் பதினோராம் வசனத்தை மட்டும் எழுதினார். நீங்கள் பத்தாம் வசனத்தையும் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. எழுபது வருடம் கழித்துத்தான் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் கிடைத்த பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்த்தே இருக்க மாட்டார்கள். ஐந்தாம் வசனத்தில் அவர்களுக்குக் கர்த்தர் கொடுத்த வேலை, பாபிலோனிலேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்பது. விசா வருகிற வரைக்கும் சும்மா இருக்காமல் டிரைவிங் லைசென்ஸோ, வெல்டிங்கோ, கையில் ஒரு தொழில் எடுங்கள். ஏஜென்டிடம் மேற்கொண்டு பணம் கட்டுவதற்கு முன் அவருக்கு அரசாங்கப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அட்டையில் பதில் தேட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர், நாங்கள் கத்தோலிக்கர், இந்தப் பத்திரிகையை என் தோழி வீட்டில் படிப்பேன். ஒக்கிப் புயலில் என் அண்ணன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு சொந்தக்காரர், “கடற்கரையில் செபம் குறைந்து போனதால்தான் கடவுள் அப்படிச் செய்தார்” என்று ஒரு கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் செபமாலை கையில் நிற்க மாட்டேனென்கிறது.
(வாசகி, தூத்தூர் பக்கம்)

அந்தச் சொந்தக்காரர் சொன்னது பொய். லூக்கா 13இல் இயேசுவிடமே இப்படிப்பட்ட பேச்சு வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விடப் பாவிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். இதற்கு மேல் ஒரு விளக்கம் நம்மிடம் எதற்கு?

2017 நவம்பர் கடைசியில் உங்கள் கரையிலிருந்து போனவர்கள் பல நாள் தங்கும் ஆழ்கடல் தொழிலுக்குப் போனவர்கள். புயல் உருவானதும் எச்சரிக்கை வந்ததும் எல்லாம் அவர்கள் கரையைவிட்டுப் போன பிறகு. அவ்வளவு தூரத்தில் இருந்த படகுகளுக்குச் சேதி சொல்ல அப்போது வழி இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைக் கடவுள் தலையில் கட்டுவது, செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுக்கு ரொம்ப வசதி. டிசம்பர் 7ஆம் தேதி உங்கள் ஊர்ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்களே, தேடச் சொல்லி, நியாயம் கேட்டு. அதை நான் செபம் குறைந்த ஜனமாகப் பார்க்கவில்லை.

அப்போஸ்தலர் 27ஐ மீனவர் வீட்டுக்காரியான நீங்கள் படித்தால் எனக்குப் புரிவதைவிட அதிகம் புரியும். புயலில் கப்பல் அலைக்கழிகிறது, 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தூதன் பவுலிடம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப மாட்டீர்கள் என்கிறார் பவுல். வாக்குக் கொடுத்த கடவுள் கப்பலோட்டத் தெரிந்த ஆட்களின் கையையும் வேண்டுமென்கிறார். பயணம் ஆபத்து என்று முதலிலேயே பவுல் எச்சரித்ததும், கூட வந்த ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதி அதைக் கேட்காமல் மாலுமியைக் கேட்டதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கப்பலில் எல்லோரும் கரையேறினார்கள். உங்கள் அண்ணன் ஏறவில்லை. ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களிடம் நீங்கள் கொஞ்சம் ஒதுங்கியே இருக்கலாம்.

செபமாலை எங்கள் சபை வழக்கத்தில் இல்லை, அதனால் அதைப் பற்றி நான் உபதேசிக்கப் போவதில்லை. கையில் நிற்காவிட்டால் கொஞ்ச நாள் பெட்டியில் இருக்கட்டும். வீட்டில் மற்றவர்கள் சொல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. பங்குத்தந்தையிடம் அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தச் சொந்தக்காரரிடம் அவரே பேசட்டும். அண்ணன் நினைவுநாளில் திருப்பலிக்கு அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ராத்திரி முழங்காலில் நின்று ஜெபிக்க ஆரம்பித்தால் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். பிசாசின் சோதனையா?
(வாசகர், களியக்காவிளை)

விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தால் பதில் இன்னும் சரியாகச் சொல்லலாம். மூன்று மணிக்கு எழுந்து சந்தைக்குப் போகிறவர் என்றால் அது வெறும் களைப்பு. “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்” என்று சங்கீதம் 127இல் இருக்கிறது. கட்டிலில் சாய்ந்து முழங்கால் போடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே, நின்றுகொண்டு, சுருக்கமாக ஜெபித்துவிடுங்கள். அப்புறம் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.