இன்டர்செப்ஷன் ஆனா அடுத்த டிரைவும் சொதப்புது – பதில்

அமெரிக்கன் ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக்கா (பந்த எறியுற ஆளு) ஆடுறப்ப, ஒரு இன்டர்செப்ஷன் (நீங்க எறிஞ்ச பந்த எதிரணி புடிக்கிறது) ஆனா, பயத்துல அடுத்த டிரைவும் (உங்க டீம் பந்தோட முன்னேறுற அடுத்த வாய்ப்பு) சொதப்புதுன்னு கேட்டிருந்தீங்க. அடுத்த டிரைவ்ல மொத ரெண்டு பிளேயும் குட்டி பாஸா கோச்கிட்ட கேட்டு வாங்குங்க, ஒண்ணு ஒழுங்கா போய் சேர்ந்தாலே அந்தப் படபடப்பு பாதி இறங்கிடும்.

நீங்க சொல்றத பாத்தா பயத்தவிட, ஸ்னாப் ஆனதுலேர்ந்து (பந்து உங்க கைக்கு வந்து பிளே ஆரம்பிச்சதுலேர்ந்து) ஒரே ரிசீவரையே (பந்த புடிக்க ஓடுற உங்க ஆள) முறைச்சுப் பாக்குறீங்கன்னுதான் தோணுது, சேஃப்டி (எதிரணியில பின்னாடி நின்னு தடுக்குறவன்) உங்க கண்ண வச்சே ஓடி வந்துடுறான். மேட்ச் வீடியோவ போட்டு, ஒவ்வொரு த்ரோவுக்கும் முன்னாடி உங்க ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும் பாருங்க.

பிரபல குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்கே 1998ல மொத சீசன்ல 28 இன்டர்செப்ஷன் குடுத்தவர்தான், அவரோட டீம் கோல்ட்ஸ் 3-13 (3 ஜெயிப்பு, 13 தோல்வி). அடுத்த வருஷம் 13-3! மனுஷன் வீடியோ பாக்குறதுல வெறியர்.

ஆனா தோள் வலி இருந்து பந்து தாழ்வா போகுதுன்னா இதெல்லாம் வேலைக்காகாது, மொதல்ல டாக்டர பாருங்க.