கறுப்பு டேப் சுற்றிய கண்ணாடி

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாலம் தாண்டிப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில், ஷிஃப்ட். ஒன்பது வருடமாகத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவில் இருக்கிறேன், மூன்று வருடமாக நான்தான் செயலாளர். வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம், மாதம் ஒரு ஞாயிறு முதியோர் இல்லம். இதில் ஒரு காசு பார்த்ததில்லை, கைக்காசுதான் போயிருக்கிறது. ஆனால் மனைவிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. இந்த வருடம் 48 நாள் விரதம் இருந்து பால்குடம் எடுத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் "சிங்க் ஒழுகுது, எப்போ பார்ப்பீங்க" என்று கேட்கிறார். அப்பர் சுவாமிகள் கோயிலில் புல் செதுக்க உழவாரத்தைத் தூக்கியபோது வீட்டில் சிங்க் ஒழுகுகிறதா என்று பார்த்தாரா? மகன் பரவாயில்லை, படிவம் 2, என் வழியில் வருகிறான். குழுக் கூட்டத்துக்குக்கூட வந்து மூலையில் உட்கார்ந்து பள்ளிக்கூட வேலையைச் செய்வான். யாரையும் தொந்தரவு செய்யாத பிள்ளை. போன வாரம் குழுவில் ஒரு அண்ணன் சொல்லித்தான் பார்த்தேன், உடைந்த கண்ணாடிக் காலில் பந்தல் ஒயருக்கு வாங்கிய கறுப்பு டேப்பைச் சுற்றிப் போட்டிருக்கிறான், மூன்று வாரமாம். அவ்வளவு சமர்த்து. மனைவிக்கும் பக்தி வர நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, சிங்க் வரைக்கும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைக்கப் போனேன். தை மாதம் முடிந்தால் இப்படிப் பத்துக் கடிதமாவது வரும். பெண்கள் எழுதினால் "வீட்டுக்காரர் கோயிலே கதி என்று கிடக்கிறார்", ஆண்கள் எழுதினால் "மனைவிக்குப் பக்தி இல்லை". சில சமயம் இரண்டும் ஒரே வீட்டிலிருந்துதான் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் அந்தக் கண்ணாடி வந்தது. அதற்கு மேல் எனக்கு உங்கள் பந்தலும் தெரியவில்லை, பால்குடமும் தெரியவில்லை.

"ஒரு அண்ணன் சொல்லித்தான் பார்த்தேன்." எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! மூன்று வாரம், தம்பி. கண்ணாடி பையில் கிடக்கும் பொருள் இல்லை, மூஞ்சியில் இருப்பது. நீங்கள் சாப்பிடும்போது எதிரே அவன் உட்கார்ந்திருந்தால் மூஞ்சிக்கு நடுவே கறுப்பாக ஒரு முடிச்சு தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால், ஒன்று நீங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை, இல்லையென்றால் கைப்பேசியில் குழுவின் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறீர்கள். எது என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கண்ணில் கோளாறு என்று சொல்லமாட்டேன். ஒன்பது வருடம் பந்தல் நடத்துகிறவருக்கு எதுவும் தப்பாது. ஐஸ் எத்தனை மணிக்குக் கரையும், சிரப் எந்த நேரத்தில் குறையும், ரதம் பக்கத்துத் தெருவில் நிற்கும்போதே எத்தனை தட்டு மீகூன் எடுத்து வைக்க வேண்டும், எந்த பல்ப் மின்னுகிறது, எல்லாம் பார்க்கிற கண். செயலாளர் வேறு. ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்குக் கணக்கும் அறிக்கையும் போக வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஒயர் டேப் எத்தனை சுருள் வாங்கினீர்கள் என்பதுகூட உங்கள் நோட்டில் இருக்கும். ஒரு சுருளில் நாலு விரல் நீளம் குறைந்தது மட்டும் கணக்கில் வரவில்லை.

அந்தப் பிள்ளையைச் சமர்த்து என்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பதினான்கு வயதுப் பையன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் சமர்த்து இல்லை, கணக்கு. அம்மா சிங்க்கைப் பற்றிக் கேட்டால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். கேட்டால் சண்டை வரும், அப்பா "தொண்டு செய்கிறவனை நிம்மதியாக விடமாட்டீர்களா" என்பார், அம்மா அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவுவார். எதற்கு வம்பு என்று பந்தல் பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்துச் சுற்றிக்கொண்டான். அம்மாவிடமாவது சொன்னானா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

கூட்டத்துக்கு வந்து மூலையில் உட்காருகிறான் என்று பெருமைப்படுகிறீர்களே, அவன் முருகனைப் பார்க்கவா வருகிறான்? ஷிஃப்ட் முடிந்து பாலம் தாண்டி வந்து குளித்துவிட்டு மறுபடி மோட்டாரை எடுக்கிற அப்பாவை வேறு எங்கே பிடிப்பது? நீங்கள் இருக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், அவ்வளவுதான். அங்கேயும் அவன் கண்ணாடியைப் பார்த்தது பக்கத்தில் இருந்த அண்ணன். அந்த அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

விரதத்துக்கு வருகிறேன். 48 நாள் இருந்தேன் என்கிறீர்கள். சரி. யார் சமைத்தது? விரதச் சமையல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தனிப் பாத்திரம், தனி அடுப்பு இல்லையென்றால் அடுப்பைத் துடைத்துவிட்டுச் சமைப்பது, காலை ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு அரிசி களைவது, வீட்டில் மற்றவர்களுக்கு வேறு சமையல் வேண்டுமென்றால் அது ஒரு தனிச் சுற்று. நீங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டீர்கள், அவர் ஒழுகுகிற சிங்க்கில், அடியில் வாளி வைத்துக்கொண்டு, இரண்டு செட் பாத்திரம் கழுவினார். நாற்பத்தெட்டு நாளும். நீங்கள் 513 படி ஏறி இறங்கும் வரை அந்தக் குழாயைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறார், பாருங்கள். இறங்கி வந்த பிறகு கேட்டிருக்கிறார். அதைப் பக்தி இல்லை என்று என்னிடம் புகார் எழுதுகிறீர்கள்! என்னைக் கேட்டால் விரதத்தில் பாதி அவர் இருந்தது.

அப்பரைக் கூப்பிட்டீர்கள், நல்லது, வரட்டும். அவர் வந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். திலகவதியார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனதும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி அழுததால், தம்பிக்கு ஆள் வேண்டுமே என்று உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தவர். அந்தத் தம்பி வேறு சமயத்துக்குப் போய்ப் பெரிய ஆளாகி, பிறகு சூலை நோயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் வந்து காலில் விழுகிறார். திலகவதியார் அவருக்குத் திருநீறு கொடுத்து, விடிவதற்கு முன்னால் விளக்குமாறு, மெழுகும் சாணம், தண்ணீர்த் தோண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அந்த நோயாளியையும் கூட்டிக்கொண்டே திருவதிகைக் கோயிலுக்குப் போகிறார். தினமும் செய்கிற பெருக்கலும் நிற்கவில்லை, தம்பியும் வாசலில் கிடக்கவில்லை. உழவாரம் அப்பர் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். நீங்கள் உழவாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அக்காவை விட்டுவிட்டீர்கள்.

என் அப்பாவும் கோயில் ஆள்தான். திருவிழா நோட்டீஸ் அடித்தால் அவர் பெயர் மேலே இருக்கும். என் பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தில் அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில் அம்மாவின் கையெழுத்து இருக்கும், தமிழில், எழுத்துகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. ஆசிரியர் கேட்டால் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்பேன். அவர் இருந்தது இரண்டு தெரு தள்ளி, கோயில் மடப்பள்ளியில். இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தொண்டு செய்வதை விடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை, அப்படி நினைத்து வாசிக்க ஆரம்பித்திருந்தால் ஏமாந்து போவீர்கள். வெயிலில் காவடி எடுத்து வருகிறவனுக்கு ஒரு கப் மோர் கொடுப்பது லேசான காரியம் இல்லை. (பந்தலில் காது கிழிகிற மாதிரி பாட்டுப் போடுவது வேறு விஷயம், அதற்கு இன்னொரு வாரம் சண்டை போடுகிறேன்.) நீங்கள் விட வேண்டியது செயலாளர் பதவியை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அங்கே உங்களை "அண்ணே" என்கிறார்கள், மைக்கில் பெயர் சொல்கிறார்கள், கடைசி நாள் துண்டு போடுகிறார்கள். வேலைக்கு ஒரு முடிவும் இருக்கிறது, ரதம் போனதும் பந்தலைப் பிரித்துவிடலாம். வீட்டில் யாரும் துண்டு போடமாட்டார்கள், சிங்க்கைச் சரி செய்தால் அடுத்த வாரம் ஃபேன் கத்தும். எந்த ஆம்பளைக்கும் எங்கே கால் போகும் என்று எனக்குத் தெரியாதா? பொம்பளைகளுக்கும்தான், கோலப் போட்டிக் குழுவில் பாருங்கள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் புத்தகத்தையும் சாவியையும் வேறு ஒருவரிடம் கொடுங்கள். குழுவிலேயே இருங்கள், கப் கழுவுங்கள், குப்பைப் பை மாற்றுங்கள், முடிந்ததும் வீட்டுக்குப் போங்கள். "நான் இல்லையென்றால் நடக்காது" என்று மனதுக்குள் ஒரு குரல் வரும். வெள்ளி ரதம் பினாங்குக்கு வந்தது 1894-இல், தங்க ரதம் 2017-இல் சேர்ந்துகொண்டது. நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தண்ணீர்மலைக்கு வழி தெரிந்தது அந்த வெள்ளி ரதம், அடுத்த வருடமும் போய்ச் சேரும்.

மனைவியிடம் போய்ப் பெரிய மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று உட்காராதீர்கள், அதையும் ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுவீர்கள். குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள், அல்லது நீங்களே வாஷர் வாங்கி வந்து சிங்க்குக்கு அடியில் படுங்கள். பந்தலுக்குத் தண்ணீர் இழுத்தவருக்கு இது ஒரு வேலையா? பக்தி வரவழைக்கிற யோசனையை இன்றோடு விடுங்கள்.

கண்ணாடி இந்தச் சனிக்கிழமையே. அன்னதானம், கூட்டம், எதற்கும் தள்ளிப் போடக்கூடாது. அண்ணனையும் கூட்டிப் போகாதீர்கள், போகிற வழியில் "அப்படியே பந்தல் ஸ்டோரில் ஒரு நிமிஷம்" என்று மோட்டாரைத் திருப்பவும் வேண்டாம். நீங்களும் அவனும் மட்டும். பவரையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், மூலையில் உட்கார்ந்து எந்த வெளிச்சத்தில் படித்தானோ. கடைக்காரர் தட்டில் ஃபிரேம்களை எடுத்து வைப்பார். உங்கள் மகன் முதலில் தொங்குகிற விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பான், எல்லாவற்றிலும் மலிவானதை எடுத்து "இது போதும்பா" என்பான். அதை வாங்கி மறுபடி தட்டில் வைத்துவிட்டு, பிடித்ததை எடுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். நேரமாகும். கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள்.