பையை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டறியப்பட்ட என் கணவருக்கு, எங்கள் ஊரிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு நாட்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே போட்ட இணைப்பு ஆறும்வரை, சிறுகுடலை வயிற்றின் வழியே வெளியே எடுத்துத் தற்காலிகமாக ஒரு பை பொருத்தியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். இன்னும் மூன்று வாரம் இங்கேயே இருக்க வேண்டும். பையைக் காலி செய்வது, மாற்றுவது எல்லாவற்றையும் நானே முகம் சுளிக்காமல் செய்கிறேன். அவரோ அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். மற்ற நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். பேச்சும் குறைந்துவிட்டது. ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் தொலைபேசியில் பதில் சொல்லியே எனக்குப் பாதி நாள் கழிகிறது. நான் எதில் குறை வைக்கிறேன்? (ஒரு வாசகி)

பதில்: குறை எதுவும் வைக்கவில்லை, சகோதரி. சற்று அதிகமாகவே செய்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நடை பழகிய வயதிலேயே தானாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒன்றை, இந்த வயதில் இன்னொருவர் தனக்குச் செய்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது, அந்த இன்னொருவர் மனைவியே ஆனாலும், ஓர் ஆணுக்கு எளிதல்ல. உங்கள் கை எவ்வளவு பக்குவமாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கு அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. அதனால்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்.

சிறிய வேலையிலிருந்து தொடங்குங்கள். பையின் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும் அல்லவா? அப்போது அடிவாயைத் திறந்து மூடுவதை மட்டும் அவரிடம் விடுங்கள். இரண்டு நாள் கழித்து, பையைத் தோலோடு பிடித்திருக்கும் ஒட்டும் தட்டை மாற்றும்போது, கண்ணாடி முன் அவரை உட்கார வைத்துத் துணியை அவர் கையில் கொடுங்கள். வயிற்றின் மேல் வெளியே தெரியும் குடல்வாயான ஸ்டோமாவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. தொட்டால் வலிக்காது என்பதும், துடைக்கும்போது சில துளி இரத்தம் கசிவது இயல்பு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பயம் போனாலே பாதிக் கூச்சமும் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். காலையில், எதுவும் சாப்பிடுவதற்கு முன், கழிவு வருவது குறைவாக இருக்கும். மாற்றுவதற்கு அதுவே நல்ல நேரம். வெதுவெதுப்பான தண்ணீரே போதும். எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தடவினால் தட்டு ஒட்டாது. முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதை அளந்து, அதைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் தட்டில் துளையை வெட்ட வேண்டும். துளை பெரிதானால் கழிவு பட்டுத் தோல் வெந்துவிடும். வெட்டுவது நீங்கள், ஒட்டுவது அவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஒட்டியது ஒருமுறை கசிந்துவிட்டால் அவசரப்பட்டுக் கையை நீட்டிவிடாதீர்கள்.

அப்படியானால் உங்கள் வேலை என்ன? கணக்கு எழுதுவது. சிறுகுடலில் பை வைத்தவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதற்கு முக்கியமான காரணம் நீர்ச்சத்து வற்றுவதுதான். ஒரு நோட்டில், அளவுக் குவளையால் அளந்த கழிவையும், குடித்த நீரையும், சிறுநீரின் நிறத்தையும் எழுதிவாருங்கள். கழிவு 24 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்து அடர்நிறமானாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை நிறையக் கொடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அது உப்புச்சத்தை மேலும் வெளியேற்றிவிடும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலே உடலில் தங்கும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல மணி நேரம் எதுவுமே வராமல் வயிறு இறுக்கிப் பிடித்து வாந்தி வருவது, சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டிய ஸ்டோமா கருத்துப்போவது, 38 டிகிரி செல்சியஸை எட்டும் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவில் அழைக்க வேண்டிய எண்ணை இன்றைக்கே கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

தொலைபேசிக்கு ஒரே வழிதான்: ஊரில் நம்பகமான ஒருவரிடம் மாலையில் ஒருமுறை சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். பிள்ளைகளிடம் மட்டும் உங்கள் கணவரே பேச வேண்டும், இரண்டு நிமிடமானாலும்.

அவருடைய மௌனத்தில் வேறு பயங்களும் இருக்கலாம். அறுத்தெடுத்த பகுதியின் பரிசோதனை முடிவு என்ன சொல்லுமோ, கீமோதெரபி உண்டோ, தாம்பத்திய வாழ்வு இனி எப்படியோ என்றெல்லாம் ஓடும். இடுப்புப் பகுதி அறுவை சிகிச்சையில் அங்குள்ள நரம்புகள் பாதிக்கப்படக்கூடும் என்பதால் கடைசிக் கேள்வி வீண் பயம் அல்ல. மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லி அந்தப் பேச்சை அடைத்துவிடாமல், ‘எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரத் தாமதமானாலும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாவது நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே போய் வர வேண்டும். அவர் தனியாகப் பையைக் கையாளப் பழகுவதற்கும் அந்த நேரம் உதவும்.

ஊர் திரும்பும் நாளுக்கு ஒரு சொல். நீண்ட பயணத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை அவர் எழுந்து நடக்க வேண்டும். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். வழக்கமான செலவைப்போல் இரண்டு பங்கு பைகளையும் தட்டுகளையும், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு, கூடவே வரும் கைப்பையில் வையுங்கள்; வெயிலில் நிற்கும் காரில் விட்டால் பசை கெட்டுவிடும். அந்தக் கைப்பையை முந்தைய நாளே அவர் அடுக்கட்டும். எடை தூக்கக் கூடாது என்பதால், சுமப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.