குறைமாதத்தில் பிறந்த குழந்தையை அப்பா வெறும் மார்பில் போட்டுக்கொள்ளலாமா?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக: மனைவிக்கு சிசேரியன், 33 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது, எடை 1,700 கிராம். "கங்காரு முறையில், அதாவது தோலோடு தோலாக வெறும் மார்பில், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்கிறார். தீட்டு கழியும் முன்னால் அப்பா தொடக்கூடாது, சட்டையில்லாமல் தூக்கினால் பிள்ளைக்குக் குளிர் அடித்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் பேச்சைக் கேளுங்கள். இன்றைக்கே ஆரம்பியுங்கள். குழந்தை தானாக மூச்சு விடுகிறது, டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார், அப்புறம் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

எனக்குக் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். எங்கள் பையனும் எட்டாம் மாதத்தில், நல்ல மழைக்காலத்தில், அவசரமாகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பிறந்தவன்தான். இரண்டு கிலோகூட இல்லை.

முதலில் குளிர் விஷயம். பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, உடம்பில் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூட்டைக் காப்பாற்ற வேண்டும், குறைமாதக் குழந்தைக்கோ அந்தக் கொழுப்பே கொஞ்சம்தான் சேர்ந்திருக்கும். குளிர்ந்துபோனால் குடிக்கிற பாலின் சத்தெல்லாம் சூட்டுக்கே செலவாகும், எடை ஏறாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சும் சிரமப்படும். இதற்கு டர்க்கி டவலை நாலு சுற்றுச் சுற்றினால் போதும் என்று நினைக்கிறோம். துணி இருக்கிற சூட்டைப் பிடித்துவைக்கும், புதிதாகச் சூடு தராது. நம் மார்பு தரும். இடையில் துணி இல்லாமல் தோலோடு தோல் ஒட்டவைத்து முதுகுப்பக்கம் போர்த்திவிட்டால், குழந்தையின் சூடு இருக்க வேண்டிய 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் நிற்கும். வீட்டில் இதை மட்டும் நிதானமாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978-ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் தொடங்கியது இந்த முறை. அங்கே இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேல் குழந்தைகளைப் போட்டுத் தொற்று பரவிக்கொண்டிருந்தது. அதனாலேயே ரொம்ப காலம் இதை வசதியில்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடாகத்தான் பார்த்தார்கள், குழந்தை ஓரளவு தேறிய பிறகுதான் மார்பில் கொடுப்பார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது 2021-ல் வெளியான ஓர் ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில் நடந்தது, நம் பக்கம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளில் ஒரு பிரிவுக்குப் பிறந்த உடனேயே ஆரம்பித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு நிலைமை சீரான பிறகு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் இரண்டாம் பிரிவில் 15.7 சதவீதம், முதல் பிரிவில் 12 சதவீதம். நூறு குழந்தைக்கு மூன்று நான்கு உயிர். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதம் அல்லது எடை குறைவு என்றால் பிறந்ததிலிருந்தே, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த மணிக்கணக்கைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு போட்டோ எடுக்கிற நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில் பயன் இல்லை. ஒரு தடவை எடுத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள், சும்மா சும்மா எடுத்து மாற்றினால் குழந்தை அலுத்துப்போகும். சரி, வயிற்றில் தையலோடு இருக்கிற அம்மா, இரண்டு மணிக்கொரு தரம் பால் பீச்சிக் கொடுக்க வேண்டியவள், தனியாக எத்தனை மணி நேரம் உட்கார முடியும்? அம்மாவின் மார்புதான் முதலில், சந்தேகமே இல்லை. குழந்தை அங்கே ஒட்டிக் கிடந்தால் ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும், அதை நம்மால் தர முடியாது. ஆனால் அவள் சாப்பிட, தூங்க, பாத்ரூம் போகிற நேரமெல்லாம் குழந்தையை ஏன் வார்மருக்கு, அந்தச் சூடு தரும் மெஷினுக்கு, திருப்ப வேண்டும்? அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார், முறை போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வாய்த்த சிஸ்டர் ரொம்பத் தெளிவு. "சார், சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க" என்றார், அவ்வளவுதான். குல்லா, சாக்ஸ், நாப்கின் தவிர வேறெதுவும் இல்லாமல் அவனை நெஞ்சு நடுவில் நிமிர்த்திவைத்து, கால் இரண்டையும் தவளை மாதிரி மடக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, பழைய காட்டன் சேலையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டினார். பாதத்தில் ஒட்டியிருந்த சென்சாரின் சிவப்பு வெளிச்சம் சேலைக்குள்ளேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் நெளிந்தான், என் நெஞ்சு முடியை இறுக்கிப் பிடித்தான், பிறகு பிடி மெல்லத் தளர்ந்தது, மானிட்டரில் தாவிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு ஒரே சீராக ஓடியது. எங்கள் அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தீட்டைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை, சிஸ்டர்தான் அவரிடம் பேசினார். மறுநாள் அத்தையே, "நீங்க போய் சாப்டுட்டு வாங்க மாப்ள, நான் வச்சிக்கிறேன்" என்று வந்து உட்கார்ந்தார். அதனால் வீட்டில் மல்லுக்கட்டாதீர்கள், வார்டு சிஸ்டரையே பெரியவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை. குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் குத்தி மடங்கக்கூடாது. சாய்ந்து உட்காருங்கள், தூக்கம் வந்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள், சோபாவில் குழந்தையோடு கண் அசருவது ஆபத்து. காய்ச்சல், சளி, தோலில் புண் இருந்தால் அன்று வேண்டாம். பவுடர், சென்ட் வேண்டாம். சிகரெட் பழக்கம் இருந்தால் இதோடு விட்டுவிடுங்கள். குழந்தை வென்டிலேட்டரில் இருந்தால் டாக்டர் சொல்லும்வரை பொறுங்கள்.

நிறைமாதக் குழந்தைக்கும் இது உண்டு, துடைத்துவிட்டு முதல் ஒரு மணி நேரம் அம்மா மார்பில் போட்டால் தானே காம்பைத் தேடிச் சீம்பால் குடிக்கும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்க விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்த வேண்டாம், எடை 2.5 கிலோவைத் தொடும்வரை செய்யலாம், அந்தச் சமயத்தில் குழந்தையே உள்ளே இருக்கப் பிடிக்காமல் கை காலை உதைத்து வெளியே வரப் பார்க்கும். அதுவரை பாலாடையில் கொடுக்கும்போது பாலை இழுக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மார்பில் வைத்திருந்தும் கை கால் சில்லென்று இருந்தாலோ, உள்ளங்கை, பாதம்வரை மஞ்சள் இறங்கினாலோ காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், குழந்தையை மார்பில் கட்டியபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.