ஸ்லிங் கட்டத் தெரியும், சூப்பர்வைசர் ஆவது எப்படி?

கேள்வி: கனமான சாமான்களைக் கட்டித் தூக்கும் ரிக்கிங் வேலையில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து இப்போது சீனியர் ரிக்கர். வயர் ரோப், பெல்ட், செயின் பிளாக், வின்ச் எல்லாமே எனக்குக் கைவந்த வேலை. ஆனால் எனக்கு 4 வருடம் பின்னால் வந்தவர் லிஃப்டிங் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். அவருக்கு ஷேக்கிள் எனும் இணைப்பு வளையத்தின் பின்னைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாது. எந்நேரமும் பேப்பரும் பேனாவுமாகத் திரிவார். மேனேஜரைக் காக்கா பிடித்துத்தான் வாங்கினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வயது 34. 10-ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், கணக்கு சுத்தமாக வராது. பேசாமல் கிரேன் ஆபரேட்டர் ஆகிவிடலாமா? இல்லை, ஏதாவது சர்டிபிகேட் எடுத்தால் உயர்வு கிடைக்குமா?

பதில்: காக்கா பிடித்தாரோ என்னவோ, இருக்கலாம். ஆனால் கிண்டலுக்காக நீங்கள் எழுதிய அந்தப் பேப்பரையும் பேனாவையும் கொஞ்சம் கவனியுங்கள் தம்பி. உங்களிடம் இல்லாமல் அவரிடம் இருப்பது அதுதான்.

லோடைக் கட்டுவது ரிக்கரின் வேலை. லோடு தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே சில கேள்விகளுக்கு எண்ணில் பதில் வைத்திருப்பது சூப்பர்வைசரின் வேலை. எடை எவ்வளவு? சி.ஜி. எனப்படும் ஈர்ப்பு மையம் எங்கே? லோடை ஹூக்கோடு இணைக்கும் ஸ்லிங்கின் ஒவ்வொரு காலிலும் எவ்வளவு இழுவிசை வரும்? அந்த ரேடியஸில், அதாவது கிரேன் சுழலும் மையத்திலிருந்து ஹூக் இருக்கும் தூரத்தில், கிரேன் எவ்வளவு தூக்கும்? 11 வருட அனுபவத்தில் இவை எல்லாவற்றுக்கும் உங்கள் கண்ணே பதில் சொல்லிவிடும். 'இதுக்கு இந்த பெல்ட் போதும்' என்று நீங்கள் சொன்னால் பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கண் சொன்னதை, தூக்குவதற்கு முன் தயாரிக்கும் லிஃப்ட் பிளானில் எழுதிக் கையெழுத்துப் போட முடியாதே.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தத் தொழிலுக்கு வேண்டிய கணக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் முக்கால்வாசி முடிந்தது.

முதலில் எடை. ஸ்டீல் பிளேட்டில் 1 சதுர மீட்டருக்கு, 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளேட் என்றால் 12 × 20 × 7.85, அதாவது 1,884 கிலோ. பழைய டேங்க், பைப் என்றால் உள்ளே தேங்கியிருப்பதன் எடையையும் கேட்டு வாங்குங்கள். தண்ணீரே ஒரு கன மீட்டருக்கு 1 டன். டிராயிங்கில் இருப்பது வெறும் டேங்கின் எடையாக இருக்கும், அடியில் கிடக்கும் சகதி அதில் சேராது.

அடுத்தது ஸ்லிங் கோணம். கோணம் என்றதும் சைன், காஸ் என்று பயந்து விலகிவிடுகிறார்கள். டேப் இருந்தால் போதும். இரண்டு கால் ஸ்லிங்கில், ஒரு காலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். லோடில் மாட்டும் இடத்திலிருந்து ஹூக் வரை நேர் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து, பாதி எடையால் பெருக்கினால் ஒரு காலின் இழுவிசை வந்துவிடும். லோடு 10 டன், கால் 4 மீட்டர், உயரம் 3.46 மீட்டர் என்றால் ஒரு காலுக்கு சுமார் 5.8 டன். இது கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி. அதே 4 மீட்டர் ஸ்லிங்கை அகலமான லோடில் மாட்டி உயரம் 2 மீட்டராகக் குறைந்துவிட்டால் கோணம் 30 டிகிரிதான். இப்போது ஒவ்வொரு காலிலும் முழுசாக 10 டன்! லோடும் மாறவில்லை, ஸ்லிங்கும் மாறவில்லை. 'ரெண்டு கால் இருக்கே, ஆளுக்கு 5 டன்' என்று 6 டன் பெல்ட்டை மாட்டினவர் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு வகுத்தலை ஹெல்மெட்டைக் கழற்றாமல் மனதிலேயே போடப் பழகிவிட்டால், என்னைக் கேட்டால், பாதி சூப்பர்வைசர் ஆகிவிட்டீர்கள்.

சி.ஜி. நடுவில் இல்லாத லோடுக்கும் இதே மாதிரி எளிய வழி உண்டு. 12 டன் லோடை இரண்டு லக்கில் (தூக்குவதற்காக லோடில் வைத்திருக்கும் காது) நேராகத் தூக்குகிறீர்கள், லக்குகளுக்கு இடையே 6 மீட்டர், சி.ஜி. ஒரு லக்கிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் இருக்கும் லக்குக்கு 12 × 4 ÷ 6 = 8 டன், தூரத்து லக்குக்கு 4 டன். இரண்டு கிரேன் வைத்துத் தூக்கும்போது எந்தக் கிரேனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அப்புறம், நாலு கால் ஸ்லிங் போட்டால் எடை நாலாகப் பிரியும் என்று நம்பாதீர்கள். லோடு வளையாத சாமான் என்றால் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களே எல்லாவற்றையும் சுமக்க வாய்ப்பு உண்டு.

எந்த ரேடியஸில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் கிரேனின் லோடு சார்ட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 50 டன் கிரேன் என்பது பூம் எனும் அதன் நீளக் கையைக் குறுக்கி, மிகக் கிட்டத்தில் தூக்கும்போது மட்டுமே 50 டன். ரேடியஸ் கூடக்கூட அது சரசரவென்று இறங்கும். சார்ட்டில் 14 டன் என்று இருந்தாலும் ஹூக் பிளாக், ஸ்பிரெட்டர் பீம், ஸ்லிங், ஷேக்கிள் எல்லாவற்றின் எடையையும் பெரும்பாலான சார்ட்களில் அதிலிருந்து கழிக்க வேண்டும். அவை சேர்ந்து 1.3 டன் என்றால் லோடுக்கு மிச்சம் 12.7 டன்தான். ஆபரேட்டரோடு நல்ல பழக்கம் இருந்தால் டீ நேரத்தில் சார்ட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

ஆபரேட்டர் ஆவது பற்றி: அது பதவி உயர்வு அல்ல, வேறு தொழில். கேபினில் தனியாக மணிக்கணக்கில் உட்காரும் பொறுமையும் இயந்திரத்தின் மேல் ஆசையும் இருந்தால் தாராளமாகப் போகலாம். பக்கத்து ஆள் மேலே போய்விட்டார் என்ற கடுப்பில் போகாதீர்கள். அங்கேயும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சர்டிபிகேட் அவசியம்தான், ஆனால் மேலே சொன்னதைப் பழகிய பிறகு எடுங்கள். தேர்வில் கேட்பதும் அதைத்தான். எடுப்பதற்கு முன், நீங்கள் போக நினைக்கும் நிறுவனங்கள் எந்தச் சான்றிதழை ஏற்கின்றன என்று விசாரியுங்கள். லெவல் எண்களைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். கிரேன், ரிக்கிங் ஆட்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் என்சிசிசிஓ அமைப்பில் ரிக்கர் லெவல் 1-ஐவிட லெவல் 2 உயர்ந்தது. எண்ணெய் நிறுவனமான சவுதி அராம்கோவின் முறையில் தலைகீழ், லெவல் 3-இல் தொடங்கி லெவல் 1-க்கு ஏறுவார்கள். செய்முறைத் தேர்வே இல்லாமல் கார்டு தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நேர்முகத்தில் ஒரு கோணக் கணக்கைக் கேட்டாலே சாயம் வெளுத்துவிடும்.

34 வயதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தோளும் முதுகும் இதே வேகத்தில் இன்னும் 20 வருடம் உழைக்குமா? சூப்பர்வைசர், அதற்கு மேல் லிஃப்ட் பிளான் போடுபவர் என்பது ஒரு வழி. தூக்கும் சாமான்களைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் இன்னொரு வழி. பலர் இதை நினைப்பதே இல்லை. அறுந்த இழைகளை எண்ணி ஒரு வயர் ரோப்பை ஒதுக்கவும், எவ்வளவு தாங்கும் என்று காட்டும் டேக் இல்லாத பெல்ட்டைப் பார்த்ததும் ஓரம் கட்டவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாலியெஸ்டர் பெல்ட்டுக்குக் காரம் ஆகாது, நைலானுக்கு அமிலம் ஆகாது என்பது மாதிரி விஷயங்களைச் சேர்த்துக்கொண்டு, முறையாகத் தேர்வு எழுதினால் அந்த வேலை உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஜாக்கிங் (ஜாக்கி வைத்து உயர்த்துவது), ஸ்கிட்டிங் (தண்டவாளம் போன்ற பாதையில் சறுக்கி நகர்த்துவது), பல அச்சு டிரெய்லர் என்று தனிப்பட்ட துறைகளும் இருக்கின்றன. அவை அந்த வேலை நடக்கும் இடத்தில் சேர்ந்தால்தான் பிடிபடும்.

இனி என்ன செய்வது? ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். செய்யும் ஒவ்வொரு முக்கியமான லிஃப்ட்டுக்கும் தேதி, எடை, ரேடியஸ், மாட்டிய ஸ்லிங், கோணம், ஏதாவது இடறியிருந்தால் அது என்ன என்று எழுதி வையுங்கள். என்ஜினியர் போட்ட பிளானைப் பார்ப்பதற்கு முன் நீங்களே கணக்குப் போட்டு, பிறகு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.

ஓரிரு மாதம் போனதும் அந்த நோட்டோடு மேனேஜரைப் பாருங்கள். பதவி கேட்க வேண்டாம். வழக்கமான சின்ன லிஃப்ட் ஒன்றின் பிளானை நானே எழுதுகிறேன், சூப்பர்வைசர் சரிபார்க்கட்டும் என்று கேளுங்கள். அந்தச் சூப்பர்வைசர் உங்களுக்குப் பிடிக்காத அதே ஆளாகத்தான் இருப்பார், பரவாயில்லை. ஷேக்கிள் மாட்டுவதை அவருக்கு நீங்கள் காட்டிக் கொடுங்கள், பிளான் ஃபார்மை நிரப்புவதை அவர் உங்களுக்குக் காட்டட்டும். மேனேஜர் ஆறு மாதத்திலும் ஒரு பிளான்கூட எழுதவிடவில்லை என்றால், வேறு கம்பெனிக்கு அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம்.